'உதவி'ப் பேராசிரியர் யாருக்கு உதவுகிறார்?

"மாப்பிள்ளை காலேஜ்ல புரொஃபசர்" என்று தரகர் சொன்னதும் பெண் வீட்டில் முகங்கள் மலரும். ஜாதகத்தோடு வந்த பயோடேட்டாவில் 'உதவிப் பேராசிரியர்' என்று இருந்தால் லேசாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். பேராசிரியருக்கு அசிஸ்டென்ட்டா?

இல்லை. அவர் யாருக்கும் உதவியாளர் இல்லை. தனியாக வகுப்பெடுப்பார், விடைத்தாள் திருத்துவார். கல்லூரி ஆசிரியர் பணியின் முதல் படிக்கு அதுதான் பெயர். முன்பு அதையே விரிவுரையாளர் என்றார்கள். அடுத்த படி ரீடர். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி யுஜிசி பெயரை மாற்றியதில் விரிவுரையாளர் உதவிப் பேராசிரியரானார், ரீடர் இணைப் பேராசிரியரானார். 'ரீடர்' என்றால் என்ன படிப்பார் என்று கேட்டவர்களிடமிருந்து அவர்களுக்கு விடுதலை!

முதல் படியில் ஏற, முதுகலையில் 55 சதவிகித மதிப்பெண்ணோடு நெட் அல்லது செட் தேர்ச்சியோ, யுஜிசி விதிப்படி பெற்ற முனைவர் பட்டமோ வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு. யுஜிசியின் 2018 விதிகளின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியருக்கு 1,31,400. பெரிய தாவல்தான். ஆனால், முனைவர் பட்டத்தோடு சேர்ந்தவருக்கே பதவி உயர்வில் அங்கே போக குறைந்தது 12 வருடமாகும். பட்டம் இல்லாவிட்டால் அந்தக் கதவு திறக்காது. பேராசிரியர் பதவி அதற்கும் மேலே.

இதெல்லாம் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் அறைக்குள் போனால், பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு உதவிப் பேராசிரியர்கள் இருப்பார்கள். ஒருவருக்கு அரசு சம்பளம். மற்றவர் சுயநிதிப் பிரிவு. நிர்வாகம் தருவதுதான் சம்பளம், பெரும்பாலும் முன்னவருடையதில் ஒரு பகுதிதான். விசிட்டிங் கார்டில் வித்தியாசமே தெரியாது. அதனால் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பதவியைக் கேட்பதைவிட, "ரெகுலரா, மேனேஜ்மென்ட்டா?" என்று கேட்பது உத்தமம்.

பெயரிலேயே கௌரவம் உள்ளவர் இன்னொருவர்: கௌரவ விரிவுரையாளர். தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான வகுப்புகள் இவர்களை நம்பித்தான் நடக்கின்றன. நிரந்தரப் பணி இல்லை, பதவி உயர்வு இல்லை, தொகுப்பூதியம் மட்டுமே. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-ல் சொன்னது. அந்தத் தொகையைக் கேட்டுப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்களில் நெட் தேறியவர்களும் முனைவர்களும் ஏராளம்.