உறைபனி விழுந்தாச்சு, எதை முதலில் பிடுங்குவது?

டிசம்பர் பிறந்தாலே ஊட்டிப் பக்கத்து நேயர்கள் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "உறைபனி விழுந்து கேரட் இலையெல்லாம் கருகிப் போச்சு. எல்லாத்தையும் பிடுங்கிடணுமா?"

வேண்டாம். பிடுங்குறதுக்கு ஒரு வரிசை இருக்கு. கிழங்கு மண்ணுக்குள்ள எவ்வளவு ஆழத்தில் இருக்கு, அது குளிரைத் தாங்குமா, இந்த ரெண்டையும் பார்த்தா போதும்.

முதலில் பனி எங்கே விழும்னு பார்ப்போம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா, காந்தல் மாதிரி தாழ்வான இடங்கள் வெள்ளையாகும்போது, மேட்டுச் சரிவில் இருக்கிற தோட்டம் தப்பிச்சிடும். உங்க தோட்டம் பள்ளத்தில் இருந்தா நீங்கதான் முதலில் உஷாராகணும்.

முதல் அவசரம் உருளைக்கிழங்கு. இது குளிரைத் தாங்காது. உறைஞ்ச கிழங்கு நீர்விட்டு அழுகும், பக்கத்தில் இருக்கிறதையும் கெடுக்கும். அதனால மேலே தெரியுற கிழங்கை உடனே எடுத்துடுங்க. பச்சையா மாறினது சமையலுக்கு ஆகாது. செடி கருகியிருந்தாலும் ஆழத்தில் இருக்கிற கிழங்கை நான் ரெண்டு வாரம் விட்டுத்தான் தோண்டுவேன். அப்பதான் தோல் கெட்டியாகும். அதுவரை மண் அணைச்சு வைக்கணும்.

அடுத்தது பீட்ரூட், டர்னிப். ரெண்டுக்கும் தோள்பகுதி மண்ணுக்கு மேலே நீட்டிக்கிட்டு இருக்கும், பனி அங்கேதான் பிடிக்கும். முள்ளங்கியையும் இதோடயே எடுத்துடுங்க. விட்டா உள்ளே நெட்டி மாதிரி ஆகிடும்.

கேரட் கடைசி. நம்ம ஊரில் மண் ஆழமா உறையறதில்லை. இலை கருகினாலும் வேர் நல்லா இருக்கும். குளிர் பட்டதும் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்தும். சர்க்கரை கலந்த நீர் சட்டுனு உறையாது, அது செடியோட தற்காப்பு. நமக்கு இனிப்பான கேரட். மேலே காய்ந்த புல்லோ சருகோ ஒரு சாண் உயரம் மூடிட்டு, தேவைக்கு ஏத்தபடி பிடுங்கலாம். ஆனா வெயில் ஏறுற காலம் வரை விட்டுடாதீங்க. பூக்க ஆரம்பிச்சா நடுத்தண்டு மரமாகிடும்.

அறுவடையை விடியற்காலையில் செய்யாதீங்க. வெயில் வந்து பனி உருகினதும் களைக்கொத்தால் பக்கத்து மண்ணைத் தளர்த்திட்டு எடுங்க. உறைஞ்சு இருக்கும்போது இழுத்தா வேர் உடையும்.

சேமிக்கிறதுக்குச் சில விஷயம். கழுவ வேண்டாம், மண்ணைத் தட்டினா போதும். கேரட் இலையை உடனே வெட்டணும், இல்லைன்னா அது வேரின் ஈரத்தை உறிஞ்சிடும். பீட்ரூட்டில் ரெண்டு அங்குலத் தண்டை விடணும், ஒட்ட வெட்டினா சாறு வடியும். லேசா ஈரமான மணலில் கேரட்டை அடுக்கி இருட்டான இடத்தில் வைங்க. பக்கத்தில் ஆப்பிளோ பேரிக்காயோ கூடாது; பழம் விடுற எத்திலீன் வாயு கேரட்டைக் கசக்க வைக்கும். உருளைக்கிழங்கைப் பிரிட்ஜில் வைக்காதீங்க. இனிச்சுப் போய், வறுக்கும்போது கருகும்.

இன்னைக்கு சாயங்காலம் வானம் தெளிவா இருந்தா, இருட்டுறதுக்குள்ள உருளைப் பாத்திக்கு மண் அணைச்சிடுங்க. அடுத்த பகுதியில் பூண்டு பத்திப் பேசலாம்.