தக்காளிக் காயின் அடி கறுப்பது ஏன்? வீட்டுத் தோட்டத்தில் நீரும் உரமும்

வீட்டுக் கொல்லையில் தக்காளிச் செடி செழிப்பாக வளர்ந்து, காயும் நன்றாகப் பிடித்தபின், காயின் அடிப்புறம் நீர் கோத்தது போலாகிப் பின்னர் கறுத்துத் தோல் போல் காய்ந்து விடுவதைப் பல விவசாயிகள் பார்த்திருப்பார்கள். இதை நோய் என்று எண்ணி, வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சமிருப்பதை எடுத்துத் தெளிப்பவர்களும் உண்டு. இது வீண் செலவு. வீட்டுப் பிள்ளைகள் பறித்து அப்படியே உண்ணும் பழத்தில் நஞ்சு சேருவதுதான் மிச்சம். ஏனெனில் இந்த நுனியழுகல், பூச்சியாலோ பூசணத்தாலோ வருவதன்று.

காரணம் என்ன?

காய்க்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து, வேர் உறிஞ்சும் நீருடன்தான் மேலே செல்கிறது. இலைகள் அதிக நீரை ஆவியாக விடுவதால் அவற்றுக்கு இச்சத்து தாராளமாகக் கிடைக்கிறது. காய்க்குக் குறைவாகவே வந்து சேருகிறது. நான்கைந்து நாள் மண் காய்ந்து போனால், காம்பிலிருந்து தொலைவிலுள்ள அடிப்புறத்துக்கு அதுவும் கிடைப்பதில்லை. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காய் பட்டினி கிடக்கிறது. யூரியாவை அதிகமாக இட்டால் தழை பெருகி, இந்தக் குறை மேலும் கூடும்.

மண்ணறிந்து நீர் பாய்ச்சுக

முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கம் தீவில் ஆற்று வண்டல் கலந்த மணற்பாங்கான மண் அதிகம். இதில் நீர் விரைவில் வடிந்து விடும். ஆகவே குறைந்த அளவில் அடிக்கடி நீர் விட வேண்டும். களிமண் கொல்லைகளில் ஈரம் நீடிக்கும். அங்கு இடைவெளி விட்டுப் பாய்ச்சினால் போதும்.

நாற்று நட்டவுடன் ஒரு தண்ணீரும், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீரும் கொடுக்க வேண்டும். காய்ப் பருவத்தில் ஒரு செடிக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டரும், கடும் வெயிலில் இரண்டு லிட்டரும் தேவைப்படும். மணற்பாங்கான மண்ணில் மூன்று நாளைக்கு ஒரு முறை செடிக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டால், பத்துச் செடிக்கு 12 லிட்டர் குடத்தில் நான்கு குடம் ஆகும். தொட்டியிலும் பையிலும் உள்ள செடிகளுக்குத் தினமும் காலையில் நீர் வேண்டும்.

உச்சி வெயிலில் இலை துவண்டு மாலையில் நிமிர்ந்தால் பயப்பட வேண்டாம். காலையிலும் துவண்டிருந்தால், இரண்டு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் நீர் விட வேண்டும். ஈரம் இருந்தும் துவண்டால் வேரில் கோளாறு என்று பொருள். அப்போது நீர் விடக்கூடாது. பல நாள் காயவிட்டுப் பிறகு வெள்ளமாக விட்டால் பழம் வெடிக்கும்.

வாழைச் சருகு இப்பகுதியில் எளிதில் கிடைக்கும். அதைச் செடியைச் சுற்றி மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பினால் மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்கும். தண்டை ஒட்டிப் பரப்பக் கூடாது.

உர அளவு

இரண்டடி வரிசை இடைவெளியும், வரிசையில் ஒன்றரை அடியும் விட்டு நட வேண்டும். பி.கே.எம். 1 போன்ற இரகங்களுக்கு எக்டருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 100, சாம்பல்சத்து 50 கிலோ என்பது பரிந்துரை. இதன்படி ஒரு சென்டுக்கு அடியுரமாகத் தொழு உரம் 100 கிலோ, யூரியா 650 கிராம், சூப்பர் பாஸ்பேட் இரண்டரை கிலோ, பொட்டாஷ் 330 கிராம் இட வேண்டும். நட்ட 30-ஆம் நாள் மேலுரமாக மீண்டும் யூரியா 650 கிராம் இட்டு மண் அணைக்க வேண்டும்.

பத்துச் செடிக்கு இதில் பதினைந்தில் ஒரு பங்கு போதும். அதாவது தொழு உரம் 7 கிலோ, சூப்பர் 170 கிராம், பொட்டாஷ் 22 கிராம், யூரியா இரு தடவையும் 45 கிராம் வீதம். மேலுரத்தில் ஒரு செடிக்கு வருவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி யூரியாதான். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவதே பல கொல்லைகளில் நடக்கும் தவறு. உரத்தைத் தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி இட்டு, மண்ணால் மூடி, உடனே நீர் விட வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் இருப்பதால் அதைத் தவிர்க்கலாகாது.

களர் நிலமும் சோப்புத் தண்ணீரும்

நாவலூர் குட்டப்பட்டு, மணிகண்டம் பகுதிகளில் களர் மண் உண்டு. அங்கு மண்ணில் சோடியம் மிகுந்திருப்பதால் செடிக்குச் சுண்ணாம்புச் சத்து சரிவரக் கிடைக்காது. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து, அந்த முடிவின்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீர் பாய்ச்சி வடித்த பின்னரே நடவு செய்ய வேண்டும். எங்கும் துணி துவைத்த தண்ணீரைத் தக்காளிக்கு விடாதீர்கள். அதிலும் சோடியம் உள்ளது. அரிசி, காய்கறி கழுவிய நீரைத் தாராளமாக விடலாம்.

கறுத்த காய் மீண்டும் தேறாது. அதைப் பறித்து எறிந்து விட்டு நீரை ஒழுங்கு செய்தால், அடுத்து வரும் காய்கள் நன்றாக இருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் பூ உதிர்வது வெப்பத்தால். அதற்கு யூரியா மருந்தல்ல. கார்த்திகை, மார்கழியில் நாற்று விட்டு 25 நாள் நாற்றை நட்டால், வெயில் முற்றுவதற்குள் பெரும்பகுதிப் பழத்தை எடுத்து விடலாம். கறுத்த காயைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடாமல், முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.