ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மாடி ஏற வேண்டும்?

"ஆற்றலின் வடிவங்கள் யாவை?" என்று கேட்டால் என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்ப ஆற்றல், வேதி ஆற்றல், ஒளி ஆற்றல், மின்னாற்றல் என்று தடங்கலின்றிச் சொல்வார்கள். பாடம் முடிந்த அன்று ஒரு மாணவி, "டீச்சர், பல்பில் 9 வாட் என்று போட்டிருக்கிறதே, அதில் 9 வாட் ஆற்றல் இருக்கிறதா?" என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பேர் "ஆமாம்" என்றார்கள். பட்டியல் மனப்பாடமாகியிருந்தது, அளவு புரியவில்லை. குறை என் கற்பித்தலில்தான்.

மறுநாள் மாடிப்படிக்கு அழைத்துச் சென்றேன். ஒரு படியின் உயரம் 15 செ.மீ.; மொத்தம் 20 படிகள். ஆக, 3 மீட்டர். 40 கிலோ நிறையுள்ள மாணவியை ஏறச் சொன்னேன். 40 கிலோவின் எடை ஏறத்தாழ 400 நியூட்டன். 400 × 3 = 1200 ஜூல். அவள் பெற்ற நிலை ஆற்றல் இது. காலையில் சாப்பிட்ட இட்லியின் வேதி ஆற்றலில் இருந்து வந்தது. உடல் செலவிட்டது இதைவிடப் பல மடங்கு, மீதி வெப்பமாகிவிட்டது.

நடந்து ஏறியபோது 12 விநாடி. வேகமாக ஏறியபோது 6 விநாடி. பெற்ற நிலை ஆற்றல் இரண்டு முறையும் 1200 ஜூல்தான். ஆனால் ஒரு விநாடிக்கு முதலில் 100 ஜூல், பிறகு 200 ஜூல். விநாடிக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு வாட். எனவே வாட் என்பது ஆற்றல் அன்று. ஆற்றல் மாறும் வேகம். அதுவே திறன்.

அடுத்து வீட்டு மின் அட்டையை எடுத்துவரச் சொன்னேன். அதிலுள்ள ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1000 வாட் × 3600 விநாடி = 36 லட்சம் ஜூல். அதை 1200 ஆல் வகுக்கச் சொன்னேன். விடை 3000! ஒரு யூனிட்டுக்கு ஈடாக அந்த மாணவி 3000 முறை மாடி ஏற வேண்டும். வகுப்பே வாயடைத்துப்போனது.

கேள்வி கேட்ட மாணவி தானாகவே கணக்குப் போட்டாள்: "9 வாட் பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் 32,400 ஜூல். 27 முறை ஏறணும் டீச்சர்."

அன்று மாலை மணியடித்ததும் ஓடவிருந்தவள், திரும்பி வந்து வகுப்பறை விளக்கை அணைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரு அளவுநாடா, ஓர் எடைப்பொறி, ஒரு கடிகாரம், ஒரு மாடிப்படி. உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள்.