304 மேசையும் முதியோர் நலமும்

மொன்றியல் பனிக்காலத்தில் எமது முதியவர்கள் பலர் வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு 304 விளையாட்டும் ஒரு காரணம். ஒருவர் வெல்ல வருகிறார். மற்றவர் ஊர்க்கதை கதைக்க வருகிறார். இருவரும் சோடி சேர்ந்தால் ஏச்சுத்தான். (ஏசுபவர்களில் நாமும் உண்டு.) ஏச்சு வாங்கியவர் அடுத்த கிழமை வரமாட்டார். தனித்திருப்போருக்கு மனச்சோர்வும் மறதிநோயும் கூடுதலாக வருகின்றன.

மும்முரமாக ஆடுவோருக்கு ஒரு மேசை, கதைத்து ஆடுவோருக்கு இன்னொன்று போடலாம். ஒரே மேசைதான் என்றால், தேநீருக்கு எழும்பும்போது சோடியை மாற்றுங்கள். எழும்புவது கால்களுக்கும் நல்லது.

ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11 என்று காலமெல்லாம் ஆடியவர் சில நாட்களாகக் கணக்கில் தடுமாறினால் சிரிக்காதீர்கள். காது, கண், சீனி அளவு, மருந்துகள் எல்லாவற்றையும் வைத்தியர் பார்க்கவேண்டும். திடீரென முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ, ஆட்டத்தை விட்டுவிட்டு உடனே 911 ஐ அழையுங்கள்.