18 முதல் 25 வரை: கூடைப்பந்தும் கோட்டா வேலையும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கூடைப்பந்து ஆடும் பிள்ளை இருக்கிற வீடுகளில், அந்த ஆட்டம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதில் பெரிய குழப்பம் இருப்பதில்லை. ஸ்டேட் ஆட வேண்டும், நேஷனல்ஸ் ஆட வேண்டும், கையில் சர்டிபிகேட்டோடு ரயில்வேயிலோ வங்கியிலோ வருமான வரித் துறையிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்துவிட வேண்டும். இந்த மேற்குப் பகுதி வளர்ந்ததே உத்தியோகத்தைச் சுற்றித்தான்: பெரம்பூரில் 1955இல் ஐ.சி.எஃப்., அறுபதுகளில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. சென்னைக் கூடைப்பந்தும் அப்படியே. ஒய்.எம்.சி.ஏ. கொண்டுவந்த ஆட்டத்தை ஊன்றி நிற்க வைத்தவை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். போன்ற நிறுவனங்களின் அணிகள். தேசிய அளவில் தமிழ்நாடு பலமான மாநிலமாகவே இருந்துவருகிறது. ஆனாலும் இங்கிருந்து ஒருவர் வெளிநாட்டுத் தொழில்முறை லீக்கில் ஆடப் போனார் என்ற செய்தி அபூர்வமாகத்தான் வருகிறது. உயரம் போதாது, பயிற்சி போதாது என்று காரணம் சொல்வது வழக்கம். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முக்கியக் காரணம் ஆடுகளத்துக்கு வெளியே, ஆட்டத்துக்கு நாம் தரும் கூலியின் வடிவத்தில் இருக்கிறது.

துருக்கியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கேயும் கூடைப்பந்தைத் தாங்கிப் பிடித்தவற்றில் நிறுவனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இஸ்தான்புல்லின் எஃபெஸ் அணி ஒரு பீர் நிறுவனம் 1976இல் தொடங்கியது. பந்திர்மா என்ற ஊரின் பன்வித் அணிக்குப் பின்னால் இருந்தது ஒரு கோழிப் பண்ணை நிறுவனம். கருங்கடல் கரையில் கிரெசுன் என்ற ஊரில் பிறந்த அல்பெரன் ஷெங்குன் சிறுவனாகவே அந்தப் பன்வித் பயிற்சி அணிக்கு வந்து சேர்ந்தார். 2020இல் பெஷிக்தாஷ் அணிக்குப் போனார். 18 வயதில் துருக்கி லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கினார். 2021 என்.பி.ஏ. தேர்வில் 16ஆவது ஆளாக எடுக்கப்பட்டு ஹூஸ்டன் சென்றார், 2025இல் ஆல்-ஸ்டார். அவருக்கு முன்பே ஹிதாயத் துர்க்கோலு, 2004இல் டெட்ராய்ட் அணியோடு பட்டம் வென்ற மெஹ்மெத் ஒகூர் என்று ஒரு வரிசை உண்டு. கோழி நிறுவனம் ஷெங்குனுக்குக் கணக்குப் பிரிவில் வேலை போட்டுக் கொடுக்கவில்லை. ஆட ஒப்பந்தம் கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர், அடுத்த நாடு. அங்கே வெளிநாடு போவது என்பது அதே வேலையில் கிடைக்கும் பதவி உயர்வு மாதிரி.

நம் ஊரில் அதே வயதில் நடப்பது வேறு. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது வரம்பு 18 முதல் 25. மேல் வரம்பில் தளர்வு கிடையாது. பொது அறிவிப்பின் வழியாக விண்ணப்பித்தால், நடப்பு நிதியாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் செய்த சாதனைகள்தான் கணக்கில் வரும். அந்தச் சாதனைகள் எவை என்பதற்கும் பட்டியல் உண்டு: ஒலிம்பிக், உலகப் போட்டி, ஆசியப் போட்டி, தேசிய சாம்பியன்ஷிப், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. ஏதோ ஒரு வெளிநாட்டு கிளப்புக்காக ஒரு சீசன் முழுக்க ஆடியது அதில் எந்த வரியிலும் இல்லை. ஆக, 21 வயதில் ஒரு பையன் துணிந்து தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போய் மூன்று வருடம் ஆடிவிட்டுத் திரும்பினால், ஆட்டம் மெருகேறியிருக்கும். விண்ணப்பத்தில் எழுத ஒன்றும் இருக்காது. ஒரு கூடைப்பந்து வீரர் வெளிநாட்டில் தன்னை நிரூபிக்க வேண்டிய வயதும், இங்கே வேலைக்காக நேஷனல்ஸை விடாமல் ஆட வேண்டிய வயதும் ஒன்றே. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் அதுவும் இந்தக் கணக்கைத்தான் மேலும் கெட்டிப்படுத்துகிறது.

வேலை கிடைத்த பிறகாவது போகலாமே என்றால், நடத்தை விதிகள் குறுக்கே நிற்கின்றன. ரயில்வே ஊழியர்களுக்கான 1966ஆம் ஆண்டு விதிகளிலும் மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு விதிகளிலும் 15ஆவது விதி ஒரே செய்தியைத்தான் சொல்கிறது: முன் அனுமதியின்றி வேறு வேலை பார்க்கக் கூடாது, விளையாட்டில் பங்கேற்கலாம், ஆனால் அமெச்சூராக. சம்பளத்துக்கு ஆடுவது இதில் அடங்காது. மத்திய அரசு ஊழியர் விடுப்பில் இருக்கும்போதும் வேறிடத்தில் வேலை பார்க்க முன் அனுமதி தேவை என்று விடுப்பு விதிகள் தனியாகச் சொல்கின்றன. யாரும் வீரர்களைத் தடுக்க வேண்டும் என்று எழுதிய விதிகள் அல்ல இவை; அலுவலகத்தை மனதில் வைத்து எழுதியவை. அலுவலகத்து ஆளாக ஒரு வீரரை எடுக்கும்போது அவையும் கூடவே வந்துவிடுகின்றன.

இந்தச் சுவரைத் தாண்டியவர்கள் இல்லாமல் இல்லை. கோட்டயத்துக்காரரான கீது அன்னா ஜோஸ் சென்னையில் தெற்கு ரயில்வே வீராங்கனை. 2006இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடப் போனார். 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் மூன்று அவரைச் சோதனைப் பயிற்சிக்கு அழைத்தன: சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ. மூன்றிலும் இடம் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதே தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை சென்னைப் பெண். 19 வயதில் இந்திய அணித் தலைவி, ஏறக்குறைய 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ. இவ்வளவு நீண்ட ஆட்ட வாழ்க்கையைத் தாங்கி நின்றது அந்த ரயில்வே வேலை. பெண்களுக்கென்று இங்கே நிலையான தொழில்முறை லீக் ஒன்று இருந்ததே இல்லை. கோட்டா இல்லாவிட்டால் அனிதா போன்ற ஒருவரின் ஆட்டம் கல்லூரியோடு நின்றிருக்கக்கூடும். கோட்டாவைக் குறை சொல்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. வெளிநாடு போனவர்கள் என்ன கண்டார்கள்? பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங் 2010இல் ஃபுளோரிடா பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவிலிருந்து அப்படித் தேர்வான முதல் ஆள். என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கீழ்நிலை லீக்கில் இரண்டு சீசன், பிறகு கனடா, ஊக்கமருந்துத் தடை, கடைசியில் தொழில்முறை மல்யுத்தம். விசேஷ் பிருகுவன்ஷி 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணியோடு ஒப்பந்தம் போட்டார்; அது ஆட்ட வாழ்க்கையாக வளரவில்லை. துருக்கியிலும் எல்லாம் சுகமாக இல்லை: பன்வித்தைப் பிரேசில் நிறுவனம் 2017இல் வாங்கியது, சில வருடங்களில் அந்த ஆதரவு நின்றுபோனது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் என்னவென்று அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுபது வயது வரை சம்பளம் தரும் வேலையை விட்டுவிட்டு, முழங்கால் போனால் முடிந்துபோகும் வேலைக்குப் போ என்று ஒரு குடும்பத்திடம் சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அந்தக் குடும்பங்களின் கணக்கு சரியான கணக்குதான். ஒன்றை எடுத்தால் மற்றொன்றை இழக்க வேண்டும் என்று அவர்கள் முன் வைக்கப்பட்டிருக்கும் தேர்வுதான் தவறு.

உயரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்தியாவிலிருந்து வெளியே போனவர்களில் பலர் சத்னாம், அம்ரித்பால், பிரின்ஸ்பால் போன்ற நெட்டையர்கள். வெளிநாட்டு லீக்குகளில் அந்நிய வீரர்களுக்கு இரண்டு மூன்று இடங்கள்தான். அவற்றைப் பெரும்பாலும் அமெரிக்கர்களே நிரப்புகிறார்கள். ஆறடிச் சொச்சம் உள்ள தமிழ்நாட்டு கார்டு ஒருவருக்கு அங்கே என்ன இடம்? சில ஆண்டுகளுக்கு முன்வரை இதற்குப் பதில் இல்லை. 2020இல் ஜப்பானின் பி.லீக் ஆசிய வீரர்களுக்கென்று தனி இடம் ஒன்றை ஒதுக்கியது. உடனே ஃபிலிப்பைன்ஸின் தர்டி ரவேனா போனார். அவருக்குப் பின்னால் பலர் போனார்கள். பலரும் நெட்டையர்கள் அல்ல, கார்டுகளும் விங் வீரர்களும்தான். 1975இலேயே தொழில்முறை லீக் தொடங்கிய நாடு ஃபிலிப்பைன்ஸ் என்பதால், சம்பளத்துக்கு ஆடுவது அவர்களுக்குப் புதிதல்ல. ஜப்பான் முதலில் அறிவித்த நாடுகளில் இந்தியா இல்லை. ஆண்டுதோறும் நடக்கும் உறுதியான லீக் இல்லாத நாட்டிலிருந்து யாரை, எதைப் பார்த்து எடுப்பார்கள்? 2010இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது பேசப்பட்ட லீக் வரவே இல்லை. பிறகு வந்த லீக்குகளில் யு.பி.ஏ. என்பது சில சீசன்களோடு நின்றது.

விதி வளையாது என்று சொல்ல முடியாது, கபடிக்கு வளைந்திருக்கிறது. 2014இல் புரோ கபடி தொடங்கியதிலிருந்து ரயில்வே ஊழியர்கள் அனுமதி வாங்கி அதில் சம்பளத்துக்கு ஆடிவருகிறார்கள். அது உள்நாட்டில் சில மாதங்களில் முடிகிற போட்டி. கூடைப்பந்தில் ஒரு வெளிநாட்டு சீசன் ஏழெட்டு மாதம் இழுக்கும், அதனால் துறை அணிக்கு நேஷனல்ஸில் ஆள் குறையும் என்பது துறைகளின் தரப்பு நியாயம். நல்ல ஆளை எடுத்துச் சம்பளம் கொடுத்து வேறு கிளப்புக்கு அனுப்ப யார்தான் விரும்புவார்கள்? ஆனால் சம்பளம் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊதியமில்லா அசாதாரண விடுப்பு விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த விடுப்பில் வெளிநாட்டு கிளப்புக்கு ஆட இரண்டு சீசன் வரை முன் அனுமதி தரலாம். தகுதிச் சாதனைப் பட்டியலில் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு லீக்குகளையும் சேர்க்கலாம். இரண்டையும் ரயில்வே வாரியம் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிட முடியும்.