கைப்பேசி என்னும் ஒற்றன்

பண்டை அரசர் தம் நாட்டிலும் பகைவர் நாட்டிலும் நிகழ்வனவற்றை ஒற்றர் வாயிலாக அறிந்தனர். திருவள்ளுவரும் பொருட்பாலில் 'ஒற்றாடல்' என்றோர் அதிகாரம் வகுத்தார். துறவியராய் வேடம் பூண்டும் வணிகராய்த் திரிந்தும் உளவறிவதற்கு ஆளும் பொருளும் மிகுதியாக வேண்டியிருந்தன. ஆதலின் ஒரு சிலரையே ஒற்றுதல் இயன்றது. இந்நாளிலோ மக்கள் ஒற்றனைத் தாமே விலைகொடுத்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உலவுகின்றனர்.

கைப்பேசி ஒருவர் இருக்குமிடத்தை அறிவிப்பது அதன் இயல்பு. அழைப்பை எங்குக் கொண்டு சேர்ப்பது என்பதை நிறுவனம் அறிந்தாக வேண்டும். அதன்பொருட்டுக் கைப்பேசி, பேசாதிருக்கும் பொழுதும், அண்மையிலுள்ள கோபுரத்தோடு அவ்வப்போது தொடர்பு கொள்கிறது. எந்தக் கோபுரம், எந்த நேரம் என்பன நிறுவனத்தின் கணிப்பொறியில் பதிவாகின்றன.

ஜெர்மனியில் 2008-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, இத்தகைய பதிவுகளை ஆறு திங்கள் காத்து வைக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. பசுமைக் கட்சியினரான மால்ட்டே ஸ்பிட்ஸ் என்பார், தம்மைப் பற்றிய பதிவுகளைத் தருமாறு டாய்ச்சு டெலிகாம் நிறுவனத்தைக் கேட்டார். வழக்குத் தொடுத்த பின்னரே அவை அவர் கைக்கு வந்தன. 2009 ஆகஸ்டு இறுதி முதல் 2010 பிப்ரவரி இறுதி வரை அமைந்த அப்பதிவுகள் 35,830. அவற்றுள் அவர் பேசிய சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும், அவர் தாமே முன்பு வெளியிட்டிருந்த செய்திகளோடு சேர்த்து 2011-இல் அவற்றை நிலப்படத்தில் பொருத்திக் காட்டியபோது, அவர் எவ்வூருக்குச் சென்றார், எங்குத் தங்கினார், நாளின் எப்பொழுதில் மிகுதியாகப் பேசினார் என்பனவெல்லாம் வெட்டவெளிச்சமாயின. பேச்சை ஒட்டுக்கேட்பது மட்டுமே உளவு எனக் கருதுவார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 மார்ச்சுத் திங்களில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கி, தொகுத்தவற்றை அழிக்கவும் ஆணையிட்டது.

அறிதலோடு நில்லாமல் அச்சுறுத்தவும் இக்கருவி பயன்படும். 2014 ஜனவரியில் உக்ரைன் தலைநகராகிய கீவில் மக்கள் அரசை எதிர்த்துத் திரண்டனர். மோதல் நிகழ்ந்த இடத்தருகே இருந்தோரின் கைப்பேசிகளுக்கு, அவர்கள் கலகத்திற் பங்குகொண்டோராகப் பதிவு செய்யப்பட்டுள்ளனர் என ஒரு குறுஞ்செய்தி வந்தது. தாங்கள் அதனை அனுப்பவில்லை எனத் தொலைபேசி நிறுவனங்கள் மறுத்தன. அவ்வழியே வீடு திரும்பியவருக்கும் அச்செய்தி சென்றிருத்தல் கூடுமன்றோ? கோபுரம் இடத்தை அறியுமேயன்றி உள்ளத்தை அறியாது.

வணிகர் செயலும் இதனின் வேறன்று. செயலிகள் இருப்பிடம் அறிய இசைவு கேட்கின்றன. பலர் படியாமலே இசைகின்றனர். அவ்வாறு திரண்ட செய்தியை விளம்பரம் செய்வார்க்கு விற்போரும் உளர். நிறுவனம் தொகுத்ததை அரசு கேட்டுப் பெறுதலும் எளிது. அமெரிக்காவில் கார்ப்பெண்டர் என்பவர் 127 நாட்களில் இருந்த 12,898 இடங்களைக் காவலர் அவ்வாறே பெற்றனர். நிறுவனத்தின் ஏட்டிலுள்ள செய்தியில் தனியொருவர்க்கு மறைவுரிமை இல்லை என்பது அரசின் வாதம். இத்தகைய பதிவைப் பெறுதற்குத் தக்க காரணங் காட்டி நீதிமன்றத்தின் சோதனை ஆணை பெறல் வேண்டும் என 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவர் ஒன்பதின்மருள் ஐவர் இவ்வாறு கூற, நால்வர் மாறுபட்டனர்.