நுழைவிசைவும் சான்றுகளும்

அயல்நாடு செல்ல விழைவோர்க்குக் கடவுச்சீட்டு இன்றியமையாதது. ஆயினும், அஃது ஒன்றே எல்லா நாடுகளுக்கும் போதியதாகாது. ஒருவர் எந்நாட்டுக் குடிமகன் என்பதைக் கடவுச்சீட்டு அறிவிக்கும். அவரைத் தன் எல்லைக்குள் ஏற்க மற்றொரு நாடு இசைந்தது என்பதை அறிவிப்பது, விசா எனப்படும் நுழைவிசைவு ஆகும்.

இதனைத் தாய்நாட்டிலிருந்தே வேண்டுவோர் பலர். ஒரு நாட்டின் குடிமகனாய்ப் பிறிதொரு நாட்டில் வாழ்ந்துகொண்டு, மூன்றாவது நாடொன்றைக் காண விழைந்து வேண்டுவோரும் உளர். இவர்கள் ஏனையோரினும் ஒரு சான்று மிகுதியாகக் காட்டல் வேண்டும். அதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

இந்தியக் குடிமகன் ஒருவன் சிங்கப்பூரில் தொழில் புரிந்து வாழ்கின்றான். அவன் பிரான்சு நாட்டைச் சுற்றிப் பார்க்க விரும்புகின்றான் எனக் கொள்வோம். 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், லக்சம்பர்க்கு நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரை அடுத்து, மோசல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதன் வழிவந்த பொதுவிதிகளே பிரான்சு செல்வோர்க்கும் உரியன. இவ்விதிகளின்படி, அவன் தான் முறைப்படி வாழும் சிங்கப்பூரிலுள்ள பிரெஞ்சுத் தூதரகத்தினிடமே நுழைவிசைவு வேண்டலாம். அங்கு வாழும் உரிமையைக் காட்டும் ஆவணமே, நாம் மேலே குறித்த மிகுதிச் சான்று. சிங்கப்பூருக்குச் சில நாள் விருந்தினனாக வந்தவனாயின், ஆங்கு விண்ணப்பிப்பதற்குத் தக்க காரணம் காட்டுதல் வேண்டும்.

ஏனைய சான்றுகளும் உள. கடவுச்சீட்டு, கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாய், திரும்பும் நாளுக்குப் பின்னும் 3 திங்கள் செல்லத்தக்கதாய், எழுதப்படாத 2 பக்கங்களேனும் உடையதாய் இருத்தல் வேண்டும். நோயுற்றால் ஆகும் செலவை ஏற்கும் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். தங்குமிடம், பயண ஒழுங்கு, வங்கிக் கணக்கு, நிறுவனம் விடுப்பு அளித்த கடிதம் ஆகியவற்றையும் இணைத்தல் வேண்டும்.

இத்தனை தாள்கள் எற்றுக்கு எனின், தூதரக அலுவலர் விண்ணப்பிப்போனை முன்னர் அறியார். 'இவன் எதற்காகச் செல்கின்றான்? செலவுக்குப் பொருள் உண்டா? குறித்த நாளில் மீள்வானா?' என்னும் வினாக்களுக்குத் தாள்களே அவன்பொருட்டு விடை கூறும். வாழும் நாட்டின் உரிமை விரைவில் முடிவுறுவதாயின், அவன் மீண்டு செல்ல இடம் எது என்னும் ஐயம் எழும். ஆதலின், அதனை முன்னரே புதுப்பித்துக் கொள்ளுதல் அறிவுடைமை.

தாள்கள் தம்முள் முரணாமையும் வேண்டும். விடுப்புக் கடிதம் 10 நாள் என்க, பயண ஒழுங்கு 20 நாள் காட்டினால், உண்மையாளனும் ஐயத்திற்கு ஆளாவான். பொய்க் கடிதம் இணைப்பின் இசைவு மறுக்கப்படும், கட்டணமும் மீளாது. மறுப்புக்குரிய காரணம் எழுத்தில் தரப்படும். மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு.

விண்ணப்பத்தைப் பயணத்திற்கு 6 திங்களுக்கு முன்னரே அளிக்கலாம். 15 நாளுக்குக் குறையாமலேனும் அளித்தல் வேண்டும். காலம் அறிந்து, உண்மை பிறழாது, சான்றுகளை ஒழுங்குபடத் தொகுப்பவன் எந்நாட்டு வாயிலிலும் அஞ்சாது நிற்பான்.